நம்பர் இல்லாத கண்ணாடி

1

ஷார்ஜாவில் நான் காலெடுத்து வைத்து இந்த ஆண்டோடு நாற்பது வருஷம் ஆகிறது. படகுத்துறைப் பக்கம் கயிறு, வலை, பெயிண்ட் விற்கிற என் கடையை என் சொந்த ஊர் ஏர்வாடிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் விசாரித்துக்கொள்ளலாம். 'கயிற்றுக்கடை பாய்' என்றால் டாக்ஸிக்காரனே கொண்டுவந்து விட்டுவிடுவான். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. அந்த நாலாம் வகுப்பை வைத்துக்கொண்டு தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பேன், அரபிப் பலகைகளைப் படிப்பேன், விசா பாரத்தை இங்கிலீஷிலேயே நிரப்புவேன். எம்.ஏ. படித்தவன் என் கடையில் பில் போடுகிறான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நாற்பதாவது வருஷத்துக்காக நம் ஊர்க்காரர்கள் ஒரு ஹால் பிடித்து எனக்குப் பொன்னாடை போட்டார்கள். மைக்கைக் கொடுத்ததும், நாலாம் வகுப்புப் படிப்பை வைத்துக் குடும்பத்தைக் கட்டியதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். அதில் ஒரு கதைக்குத்தான் பலத்த கைதட்டல். வந்த இரண்டாம் வருஷம் ஒருநாள் கோபத்தில் என் மனைவி ஜெய்த்தூனுக்குச் சிவப்பு மையில் ஒரு கடுதாசி எழுதினேன். படித்தால் எந்தப் பெண்ணும் தாங்கமாட்டாள், அப்படி ஒரு கடுதாசி. அதற்கு அவளிடமிருந்து ஒரு சுடுசொல் வரவில்லை. அடுத்து வந்த கேசட்டில், ஆடு இரண்டு குட்டி போட்டதையும் எங்கள் மூத்தவனுக்குப் பல் முளைத்ததையும் சொல்லிவிட்டு, "சீக்கிரம் வாங்க" என்று முடித்திருந்தாள். அதைக் கேட்டதும் என் கோபம் ஆறிவிட்டது. "என் வீட்டம்மாவின் பொறுமை ஏர்வாடிக் கடல்போல" என்றேன். நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜெய்த்தூன் அன்று வரவில்லை. ஒரு கல்யாணத் துணி தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

கேசட் சங்கதி இளம்பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் அரபு நாட்டில் இருந்த நாங்கள் பலரும் கடுதாசியோடு கேசட்டும் அனுப்புவோம். வீட்டில் டேப்பு வைத்துக் கேட்பார்கள், அவர்களும் பேசிப் பதிந்து, ஊரிலிருந்து வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் வாரம் ஒரு கடுதாசி எழுதுவேன். ஜெய்த்தூன் கேசட்தான். அவளை இங்கே கூட்டிவரும்வரை, பதினோரு வருஷத்தில் ஒரு வரிகூட எழுதியதில்லை. சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்.

பொன்னாடை போட்ட மறு வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

2

என் மகள் நிஷாவின் பிள்ளை அஃப்ரின். வயது ஒன்பது. நிஷாவும் மருமகனும் எங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். பிள்ளை பேசினால் பெரிய மனுஷி. லிஃப்ட் ரிப்பேர் ஆனால் காரணம் சொல்லுவாள், எந்த வீட்டில் என்ன குழம்பு என்று படிக்கட்டிலேயே சொல்லிவிடுவாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். ஒரு வரி படிக்க ஒரு யுகம். நானே தினமும் சாயங்காலம் உட்கார்த்திவைத்து வாசிக்கச் சொன்னேன். நாலாம் வகுப்புக்காரன் முன்னால் நாலாம் வகுப்புப் பிள்ளை அழுதது. "மக்கு, மக்கு" என்று தலையில் குட்டியிருக்கிறேன். தர்காவில் கொண்டுபோய் ஓதிப் பார்ப்போமா என்றும் கேட்டேன்.

"அத்தா, அவளுக்கு நோவு ஒண்ணும் இல்ல" என்றாள் நிஷா.

"நோவு இல்லைன்னா கொழுப்பு" என்றேன். இராமநாதபுரம் பக்கம் கண்டிப்பான ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் போட முடிவு செய்தேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போது சேர்த்துவிட்டு வருவது. டிக்கெட் போட்டாயிற்று, பாரம் நிரப்பியாயிற்று. என் வீட்டில் நான் சொன்னால் அது முடிந்த மாதிரிதான். நிஷா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மருமகன் நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

பள்ளிக்கூடத்தில் இதற்கென்றே ஒரு டீச்சர் இருக்கிறார். நாகர்கோவில் பக்கத்துப் பெண். பிள்ளையை மூன்று நாள் வைத்துப் பார்த்திருக்கிறார். எதிரே நான், ஜெய்த்தூன், நிஷா.

"ஐயா, இது புத்திக் குறைவு இல்ல. டிஸ்லெக்ஸியான்னு சொல்லுவோம். எழுத்து இவளுக்குப் பிடிபட நேரமாகும். அதுக்கு வேற வழியில சொல்லித்தரணும். அடிச்சா வராது" என்றார்.

"எல்லாத்துக்கும் ஒரு பேர் வச்சிருக்கீங்கம்மா" என்றேன் நான்.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு பாரத்தை எடுத்தார். "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்த மாதிரி இருந்திருக்கா?"

"இல்லைன்னு எழுதிக்கோம்மா. என்னையவே எடுத்துக்க. நாலாம் வகுப்பு, ஆனா..."

"இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது.

நிஷா என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் நிஷாவும் அவள் உம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இருக்கு டீச்சர். எழுத்து நிக்காது. ஒரு வரியப் பாத்தா எறும்பு மாதிரி ஊரும். ஆறும் ஒம்பதும் எனக்கு ஒண்ணுதான். எழுதிக்கங்க."

டீச்சர் எழுதினார். நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகி நாற்பத்தோரு வருஷம். அதில் ஒரே கூரைக்குக் கீழே முப்பது வருஷம். கப்பல் கயிற்றைத் தொட்டே அது எத்தனை நூல் திரித்தது என்று சொல்கிற ஆள் நான்.

3

வீட்டுக்கு வந்ததும் முதலில் அவள் மூக்குக் கண்ணாடியை எடுத்தேன்.

ஜெய்த்தூனோடு நான் எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒரே பாட்டுதான்: "கண்ணாடிய மறந்துட்டேங்க, நீங்களே நிரப்பிருங்க." விசா ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஏர்போர்ட்டில் கொடுக்கிற சீட்டு எல்லாவற்றிலும் இதே கதை. இருபது வருஷமாகக் கண்ணாடியை மறக்கிற பொம்பளை என்று நான் சொல்லாத ஆள் இல்லை. அந்தக் கண்ணாடியை என் கண்ணில் மாட்டி அன்றைய பேப்பரைப் பார்த்தேன். கழற்றிவிட்டுப் பார்த்தேன். மறுபடியும் மாட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தது. வெறும் கண்ணாடி.

"எங்கன வாங்குன இத?"

"ரோலா கடைவீதில. கடைக்காரன் பவர் நம்பர் வேணாமான்னான். பிரேம் மட்டும் நல்லா இருக்கட்டும்னேன்."

"எதுக்கு?"

"மறக்கிறதுக்கு ஒண்ணு வேணும்ல."

கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்தேன். அங்கே ஜெய்த்தூனின் அளவு நூல்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தவள் அவள். இன்று அவள் கடையில் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். அரபிக் கல்யாணப் பெண்களும் தேடி வருகிறார்கள். டேப் பிடித்து அளந்து நோட்டில் குறிக்கிற பழக்கம் அவளிடம் இல்லை. வருகிறவளுக்கு ஆளுக்கொரு நூல். தோளுக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று. நுனியில் அவள் துணியிலிருந்து ஒரு சின்னத் துண்டு. அதுதான் பெயர். ஆணியில் மாட்டிவிடுவாள். ஐந்து வருஷம் கழித்து அதே பெண் வந்தாலும் ஆணியைப் பார்க்காமல் கை நீட்டி எடுப்பாள். தைத்த துணி திரும்பி வந்ததில்லை. என் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் பீற்றிக்கொள்வேன்: "பழைய கால முறை, எங்க ஊரு மூளை." எங்கள் ஊரில் யாரும் அப்படி அளப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவளே கண்டுபிடித்தது அது.

"நீ ஏழாவது வரைக்கும் படிச்சவன்னு பொண்ணு பாக்குறப்பச் சொன்னாங்களே?"

"போனேன். பக்கத்துல இருக்குறவ வாசிப்பா, நான் கேட்டு அப்பிடியே ஒப்பிப்பேன். ஏழாவதுல ஒரு டீச்சரு போர்டுல வந்து எழுதுன்னாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவதான், பொறகு போகல."

"யாசீன் ஓதுறியே, குர்ஆனத் தொறந்து வச்சுக்கிட்டு?"

"அம்புட்டும் காதுல கேட்டு நெஞ்சுல வச்சது. தப்பா ஓதிருந்தாச் சொல்லுங்க."

அதை எப்படிச் சொல்வது? நான் எழுத்தைப் பார்த்து ஓதும்போது தப்பு விட்டால் அடுப்படியிலிருந்து திருத்துகிறவள் அவள்.

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"உங்ககிட்டயா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கையெழுத்துப் போடத் தெரியாதவன் கடைக்கு வந்தா, 'ஏலே கைநாட்டு'ன்னு நாலு பேருக்குக் கேக்குற மாதிரிக் கூப்புடுவீங்க. அவன் போனதுக்கப்புறமும் ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரிப்பீங்க. உங்ககிட்டப் போயா சொல்லுவேன்?"

பிறகுதான் அந்தக் கேள்வி தொண்டைக்கு வந்தது.

"அப்ப நான் எழுதுன கடுதாசியெல்லாம்? யாரு படிச்சுச் சொன்னா?"

"யாரும் படிக்கல."

"யாருமே?"

"மொதக் கடுதாசிய உங்க தங்கச்சி மைமூன்கிட்டக் குடுத்தேன். நீங்க அதுல என்னென்னத்தையோ எழுதிருந்தீங்க. புதுசாக் கல்யாணம் ஆனவரு. அவ வீடு பூராவும் சொல்லிச் சிரிச்சுட்டா. அதோட யாருகிட்டயும் குடுக்கல. மாமி முன்னாடி நானே பிரிப்பேன். மேலருந்து கீழ வரைக்கும் கண்ண ஓட்டுவேன். ஒரு எடத்துல சிரிப்பேன், ஒரு எடத்துல முந்தானைய வச்சுக் கண்ணத் தொடைப்பேன். மடிச்சுப் பெட்டில போட்டுருவேன்."

"எங்கன சிரிக்கணும்னு எப்பிடித் தெரியும்?"

"பாதிக் கடுதாசிக்கு மேல பெரும பேச ஆரம்பிப்பீங்கன்னு தெரியும். அங்கன சிரிச்சாச் சரியா இருக்கும்."

"முக்கியமான சேதி எதும் இருந்திருந்தா?"

"அதத்தான் ஊருக்கு வார ஆளுகிட்டச் சொல்லி விடுவீங்களே. கடுதாசி வந்தா, ஆளு உசுரோட இருக்காருன்னு அர்த்தம். எனக்கு அது போதும்."

பதினோரு வருஷம், வாரம் ஒன்று. எட்டுப் பேர் படுக்கிற அறையில் கட்டிலுக்கு மேலே குந்தி உட்கார்ந்து எழுதியது. 'நீ கேட்ட சேலை என்ன நிறம்?' என்று கேட்டால் கேசட்டில் மழையைப் பற்றிப் பேசுவாளே, அது ஏன் என்று இப்போது விளங்கியது. கூடவே இன்னொன்றும் விளங்கியது.

அந்தச் சிவப்புக் கடுதாசியை அவள் படிக்கவே இல்லை. கடல்போலப் பொறுமை என்று ஹாலே கைதட்டியதே, அவள் எதையும் பொறுக்கவில்லை. நான் வைதது அவளுக்குத் தெரியவே தெரியாது.

4

இதற்கெல்லாம் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அதிர்ச்சியில் ஆள் முன்னைவிடப் பிடிவாதமாகத்தான் ஆகிறான்.

"இப்பத்தான் நல்லா வெளங்குது. நீ நாப்பது வருஷமா ஒளிஞ்சு ஒளிஞ்சு இருந்திருக்க. அஃப்ரினும் அப்பிடி இருக்கக் கூடாது. கண்டிப்பான எடத்துல விட்டு இப்பவே எழுத்த ஏத்திப்புடணும்" என்றேன்.

ஜெய்த்தூன் தையலை நிறுத்தினாள்.

"நான் எழுத்துக்குப் பயந்து ஒளியல. உங்களுக்குப் பயந்துதான் ஒளிஞ்சேன்."

நான் எழுந்து ஹாஸ்டல் பாரத்தைத் தேடி எடுத்தேன்.

"அங்கன எத்தன பேரு உங்கள மாதிரி இருப்பாக? புள்ள எத்தன கண்ணாடி வாங்குவா?"

கேட்டுவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். நானும் டிக்கெட்டை மாற்றவில்லை. ஊருக்கு வந்து சேர்ந்தோம், நானும் அவளும் பிள்ளையும். நிஷாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஏர்போர்ட்டில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அவள் அழுதபோது நான் ட்ராலியைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன்.

5

ஏர்வாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கடல். மறுநாள் காலையில் பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும். பாரம் என் சட்டைப் பையில் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், ஜெய்த்தூன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தாள். திறந்தால் அத்தனையும் என் கடுதாசிகள்.

"நாளைக்கு எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கு இத எனக்குப் படிச்சுக் காட்டுங்க. பேரன் பேத்தி எடுத்தாச்சு, புருசன் என்ன எழுதுனாருன்னு இன்னும் தெரியாது."

அஃப்ரின் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். பதினோரு வருஷத்துக் கடுதாசி, முன்பின் கலந்து கிடந்தது. தேதி பார்த்து அடுக்கலாம் என்று நான் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். நான் நாற்பது கவர் அடுக்குவதற்குள் அவள் முக்கால் பெட்டியை அடுக்கிவிட்டாள்.

"எப்பிடித்தா?"

என்னை நன்னா என்றும் ஜெய்த்தூனை நன்னி என்றும்தான் பிள்ளை கூப்பிடும். "ஸ்டாம்ப்பப் பாத்து, நன்னா. மொதல்ல பருந்து, பொறகு கப்பல், பொறகு அந்தத் தாடிக்காரரு. உங்க எழுத்தும் வர வரக் குண்டாகுது, பாருங்க."

எடுத்துத் தேதியைச் சரிபார்த்தேன். இரண்டே இரண்டு இடம் மாறியிருந்தது. அதில் ஒன்று, நானே தப்பாகத் தேதி போட்டது.

படிக்க ஆரம்பித்தேன். ஜெய்த்தூன் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். மைமூன் சிரித்த முதல் கடுதாசி வந்தபோது பிள்ளை இருக்கிறாள் என்று நான் விழுங்கி விழுங்கிப் படித்தேன். "விடாமப் படிங்க, அதுக்குத்தான அன்னைக்கு அம்புட்டுச் சிரிப்புச் சிரிச்சா" என்று ஜெய்த்தூன் முகத்தை மூடிக்கொண்டாள். துறைமுகத்தில் அரபி முதலாளியை நான் ஒரே கேள்வியில் மடக்கிய கதை வந்தபோது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். உண்மையில் அன்று மடங்கியது நான்தான். அதையும் அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.

பருந்து ஸ்டாம்ப்புக் கட்டு பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. அதற்குள்தான் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கையில் வந்தால் மடியில் போட்டு மறைத்துவிடலாம் என்று இருந்தேன். ஆனால் எடுத்துக் கொடுப்பது பிள்ளையாயிற்றே. பிரித்துப் பார்த்துவிட்டு நீட்டினாள்.

"நன்னா, இது மட்டும் ஏன் செவப்பா இருக்கு?"

ஜெய்த்தூன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்தச் செவப்ப நானும் அன்னைக்குப் பாத்தேன். மை தீந்துருச்சு போலன்னு நெனச்சேன். படிங்க."

வேறு எதையாவது படித்துவிடலாம். மாமி சுகமா, பிள்ளை சுகமா என்று நானே இட்டுக்கட்டிப் படித்தால் யாருக்குத் தெரியும்? அந்த வீட்டில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். வாயைத் திறந்தும்விட்டேன். எதிரே இரண்டு முகமும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. முப்பத்தெட்டு வருஷம் கழித்தும் அவர்களை ஏமாற்ற எனக்கு நாலாம் வகுப்புப் படிப்பே போதும் என்று நினைத்தபோது, நாக்கு புரளவில்லை.

உள்ளது உள்ளபடி படித்தேன்.

'பக்கத்துக் கட்டில்காரன் மனைவி முத்து முத்தாக எழுதுகிறாள். அதை அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினான். உன் வீட்டில் பேசும் பெட்டிதான் உண்டா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த கடிதம் உன் கையால் எழுதி வரவேண்டும். வராவிட்டால் பிள்ளையை என் உம்மாவிடம் கொடுத்துவிட்டு உன் அத்தா வீட்டுக்கே போய்விடு. ஒரு மக்கோடு குடும்பம் நடத்த எனக்குத் தலையெழுத்து இல்லை.'

வெளியே யாரோ வலை உதறுகிற சத்தம் கேட்டது.

"நன்னி, யார மக்குன்னு எழுதிருக்காங்க?" என்று அஃப்ரின் கேட்டாள்.

"என்னையத்தான் தங்கம்."

"என்னையும் அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றாள் பிள்ளை. புகாராகச் சொல்லவில்லை. நன்னிக்கும் அதே காய்ச்சலா என்பதுபோலச் சொல்லிவிட்டு நகர்ந்து நன்னி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெய்த்தூன் கையை நீட்டினாள். கடுதாசியைக் கொடுத்தேன். வாங்கி மேலிருந்து கீழ் வரைக்கும் கண்ணை ஓட்டினாள், என் உம்மாவுக்கு முன்னால் ஓட்டிய மாதிரி. ஆனால் எந்த இடத்திலும் சிரிக்கவில்லை, கண்ணையும் துடைக்கவில்லை.

"இத அன்னைக்கு ஒருத்தி எனக்குப் படிச்சுக் காட்டிருந்தான்னு வைங்க," என்றாள், "சாயங்காலத்துக்குள்ள நான் எங்கத்தா வீட்ல இருந்திருப்பேன். நீங்க எத்தன கப்பல்ல வந்து கூப்புட்டிருந்தாலும் திரும்பிருக்க மாட்டேன். நெசமாச் சொல்றேன்."

எனக்குத் தெரியும், அவள் செய்திருப்பாள். அப்புறம் நிஷா ஏது, இந்தப் பிள்ளை ஏது, நாற்பதாவது வருஷப் பொன்னாடை ஏது? என் எழுத்தை அவளால் படிக்க முடியாமல் போனதால் நிலைத்த குடும்பத்தை, எனக்கு எழுதப் படிக்கத் தெரிந்ததால் கட்டியதாக மைக்கில் சொல்லியிருக்கிறேன்.

சட்டைப் பையில் இருந்த பாரத்தை எடுத்தேன். அதையும் நான்தான் நிரப்பியிருந்தேன், ஒரு அடித்தல் இல்லாமல். நாலாக மடித்துக் கிழித்தேன். நிஷாவுக்குச் சொல்ல வேண்டுமே. எப்போதும் நீளமாக டைப் செய்து அனுப்புகிறவன் நான். பேசி அனுப்புகிறவர்களைச் சோம்பேறி என்பேன். அன்று போனை எடுத்தால் எழுத்து ஒன்றும் சிக்கவில்லை.

"இங்கன அமுக்குங்க நன்னா" என்று அஃப்ரின் மைக் படத்தைக் காட்டினாள். "பேசி முடிக்கிற வரைக்கும் வெரல எடுத்துராதீங்க."

"நிஷா, அத்தா பேசுறேம்மா. நாளைக்கு ஹாஸ்டலுக்குப் போகல. புள்ள எங்க கூடவே திரும்பி வாரா. அந்த நாகர்கோவில் டீச்சர்கிட்ட என்ன செய்யணும்னு கேட்டு வையி. நானும் வந்து உக்காந்து கேட்டுக்கிறேன்."

விரலை எடுத்தேன். பதில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜெய்த்தூன் சிவப்புக் கடுதாசியை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டிக்குள் திரும்பப் போடவில்லை. அடுத்த கவரைப் பிள்ளையிடமிருந்து வாங்கி அவளே என் கையில் கொடுத்தாள்.

"ம், படிங்க. பெரும பேசுற எடம் வந்தா முன்னாடியே சொல்லிருங்க. சிரிக்கணும்ல."